கற்குவாரிக்காரரின் நான்காவது கோடை

சிவாஜினிக்கு பாண்ட் வாத்தியம் என்றாலே ஆகாது. திருகோணமலையில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் வாரக்கணக்காக வெயிலில் நிறுத்திவைத்து, இடதுகால் பிசகினால் கோடு போடும் அடிமட்டத்தால் தட்டிய ஆசிரியையை கனடாவின் கியூபெக்குக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகையால் மகள் தக்ஷினி பதினாலு வயதில் வந்து, "அம்மா, நான் கோரிலை சேரப்போறன்" என்று சொன்னபோது, "கோரையோ? எந்தக் கோரை?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

மகள் குசினி வாசலிலேயே நின்று விளங்கப்படுத்தினாள். கோர் என்பது பித்தளைக் குழல்களும் ட்ரம் மாதிரி அடிக்கும் வாத்தியங்களும் மட்டுமே உள்ள இளைஞர் அணி. இருபத்தொரு வயதுக்கு மேல் யாரும் இருக்க முடியாது. பெரிய மைதானத்தில் ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் நடந்து, ஓடி, கோடும் வட்டமும் வளைவுமாக உருவம் போட வேண்டும். உயரத்தில் இருந்து நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். கோடையில் ஊர் ஊராகப் போட்டி நடக்கும்.

"படிப்பு?" என்றாள் சிவாஜினி.

"அது பாட்டுக்கு நடக்கும்."

கணவன் நகுலேஸ்வரன் லஷீன் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்தான். அவன், "விடும், ரெண்டு கிழமையிலை அலுத்துப்போகும்" என்று தீர்ப்புச் சொன்னான். அலுக்கவில்லை.

அணியின் பெயர் லே காரியே. கற்குவாரிக்காரர் என்று பொருள். செயின்ட்-மிஷேலில் இப்போது நகரத்துப் பனியைக் கொண்டுவந்து கொட்டும் அந்தப் பெரிய பள்ளத்தில் ஒருகாலத்தில் கல் உடைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களின் பொடியன்கள் தெருவில் அலையாமல் இருக்கட்டும் என்று, அறுபதுகளில் ஒரு பாதிரியார் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் தொடங்கிய அணி. எழுபத்துநாலில் அமெரிக்காவுக்குப் போய் ஒரு பெரிய போட்டியில் முதலாவதாக வந்தார்கள். அப்போது எடுத்த படம் மண்டபச் சுவரில் ஆள் உயரத்தில் தொங்கியது. பிறகு குவாரி மூடியது, குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின, பிள்ளைகள் குறைந்தார்கள். தொண்ணூறுகளில் அணி கலைந்தே போனது. கொரோனா அடங்கிய கையோடு அதைத் திரும்பவும் எழுப்பியவள் மர்த்தீன் என்ற பெண். குவாரித் தொழிலாளி ஒருவரின் மகள், அறுபது கடந்தவள், குரல் மட்டும் மைதானத்தின் மற்றக் கரைக்குக் கேட்கும். அவள் சேர்த்த பிள்ளைகளில் ஹெயிட்டிக்காரர், அல்ஜீரியர், வியட்நாமியர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். குவாரியை வேலியூடாகப் பார்த்ததைத் தவிர ஒருவருக்கும் அதோடு சம்பந்தம் இல்லை.

முதல் கோடையிலேயே சிவாஜினி அகப்பட்டுக்கொண்டாள். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காருக்குள் இருந்தவளை மர்த்தீன் கண்ணாடியில் தட்டிக் கூப்பிட்டாள்.

"நீ துறைமுகத்திலே கொன்டெய்னர் ட்ரக் ஓடுறியாமே? உன் மகள் சொன்னாள்."

"ஓம்," என்றாள் சிவாஜினி பிரெஞ்சில்.

"எங்கட ட்ரக்காரனுக்குக் கண் தெரியேல்லை. வாற சனிக்கிழமை ஷேர்புரூக்கிலே போட்டி. ட்ரம் எல்லாம் யாரு கொண்டுபோறது?"

சிவாஜினி அந்த ட்ரக்கைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு டயர் தேய்ந்திருந்தது. பின்கதவின் பூட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். "முதல் டயரை மாத்து, பேந்து திறப்பைத் தா" என்றாள்.

ஒரு சனிக்கிழமை என்று தொடங்கியது மூன்று கோடையாக நீண்டது. முதல் வருஷம் போன இடமெல்லாம் கடைசி இடம். ஓரிடத்தில் அறிவிப்பாளர் அணியின் பெயரையே பிழையாகச் சொன்னார். இரண்டாம் வருஷம் கடைசிக்கு முதல் இடம். மூன்றாம் வருஷம் நடுவில் எங்கோ. மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கப் பார்க்க, சிவாஜினிக்கு எதை எதிர்பார்ப்பது என்று பிடிபட்டது. மூலையில் இருந்து ஒரு கோடு கதவு போலச் சுழன்று வரும். நடுவில் நிற்பவர் சின்ன அடி வைப்பார், ஓரத்தில் உள்ளவர் ஏறக்குறைய ஓடுவார். ஆனாலும் கோடு வளையக்கூடாது. அது வளையாமல் வந்து சேர்ந்த நாளில், அவள் தன்னை அறியாமல் பக்கத்தில் நின்ற ட்ரக்கின் ஹோர்னை அடித்துவிட்டாள். மர்த்தீன் வந்து ஏசினாள்.

நான்காம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தக்ஷினி சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அமெரிக்காவில் பொஸ்டன் பக்கத்துப் பெரிய அணி ஒன்றுக்கு அவள் வீடியோ அனுப்பியிருக்கிறாள். நூற்றைம்பது பேர் கொண்ட அணி. எடுபட்டுவிட்டாள்.

சிவாஜினி சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள். "மர்த்தீனுக்குத் தெரியுமோ?"

"நாளைக்குச் சொல்லப்போறன். அம்மா, கோவிக்காதேங்கோ. இஞ்சை நான் பழக இனி ஒண்டும் இல்லை."

"கோவம் இல்லை. கெட்டிக்காரி. போ."

"நீங்களும் இனி அந்தப் பழைய ட்ரக்கோடை மாயத் தேவையில்லை."

சிவாஜினி மகளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் உனக்காகத்தான் ஓடுறன் எண்டு நினைச்சியோ?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே புதிதாக இருந்தது. அன்றைக்கு முழுக்க அதைப் பற்றியே யோசித்தாள். மறுநாள், மகள் மர்த்தீனுக்குச் சொல்லி முடித்த பிறகு, துறைமுகத்தில், தன் முறைக்காக வரிசையில் நின்ற ட்ரக்குக்குள் இருந்தபடி மர்த்தீனுக்கு அழைத்து, "நான் இருப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

தக்ஷினி போனதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கழன்றுகொண்டார்கள். குழல் ஊத ஆள் போதவில்லை. இந்த வருஷம் போட்டி வேண்டாம், ஊர்வலங்களோடு நிறுத்துவோமா என்று மர்த்தீன் கூட யோசித்தாள். சிவாஜினி விடவில்லை. வேலை முடிந்து வந்து செயின்ட்-மிஷேலிலும் பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் தெரிந்த தமிழ் வீடுகளின் கதவைத் தட்டினாள்.

"இதாலை என்ன பிரயோசனம் அக்கா?" என்று கேட்டாள் கஜந்தினி. யாழ்ப்பாணத்துக்காரி, மகன் டினோஜனோடு வந்து இரண்டு வருஷம். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. "கம்பசிலை படிக்கப் போக உதவுமோ?"

"இல்லை. கால் வீங்கும். வெயிலிலை கறுத்துப்போவான்."

"பேந்து ஏன்?"

"உம்மடை பொடியன் வீட்டுக்கை இருந்து என்ன செய்யிறான்?"

கஜந்தினி அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "போன்தான்," என்றாள் மெல்ல. "பள்ளிக்கூடத்திலை ஒருத்தரோடையும் கதைக்கிறானில்லை. பிரெஞ்சு வராது எண்டு வெக்கம்."

"குழல் ஊதப் பிரெஞ்சு தேவையில்லை. ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும்."

டினோஜன் பதினைந்து வயதுக்கு நல்ல உயரம். மர்த்தீன் அவனை ஏற இறங்கப் பார்த்து, தோளில் வைத்து ஊதும் பெரிய தூபாவைத் தூக்கிக் கொடுத்தாள். முதல் நாள் அதிலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சித்திரை வருவதற்குள் அவன் தூபா வரிசையின் ஓரத்தில், சுழலும்போது ஓட வேண்டிய இடத்தில் நின்றான்.

இப்படியாக நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். வைகாசி மாதத்தில் மர்த்தீன் வீடியோ ஒன்றை எடுத்து அனுப்ப, ஆவணியில் அமெரிக்காவில் நடக்கும் இறுதிப் போட்டி வாரத்துக்கு அழைப்பு வந்தது. எழுபதாயிரம் பேர் இருக்கக்கூடிய மூடிய ஸ்டேடியம். தக்ஷினியின் அணியும் அங்கேதான் வரும். அறிவித்த அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் தேவாலயத்து மேல்மாடியில் நடந்த திருமண ஒத்திகை நின்றுபோனது.

மறு கிழமை கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒன்பது பேர் வெறுங்கையோடு வந்தார்கள்.

ஒன்பது பேரின் குடும்பங்களுக்கும் வழக்கு முடியவில்லை. கனடாவுக்குள் எங்கும் போகலாம். எல்லையைத் தாண்ட முடியாது. டினோஜன் அதில் ஒருவன். சிவாஜினி கதவு தட்டிக் கூட்டிவந்த இன்னும் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளும் அப்படித்தான் இருந்தவள். நியூ ஜேர்சியில் சொந்தத் தங்கையின் கலியாணம் நடந்தபோது, இங்கே தொலைபேசியைக் காதில் வைத்து மேளச் சத்தம் கேட்டவள். எல்லாம் தெரிந்தும் இதை யோசிக்காமல் விட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை பெற்றாரும் பயிற்றுநர்களும் மண்டபத்தில் கூடினார்கள். உருவங்களை வரைந்து பழக்கும் இளைஞர் பத்ரீக் கணினியைத் திறந்து வைத்தார்.

"முப்பத்திரண்டு பேருக்கு நான் எல்லாத்தையும் திருப்பி வரையலாம். ஆனா இண்டைக்கே தொடங்க வேணும். ரெண்டு விதமாப் பழக நேரம் இல்லை."

"அப்ப அந்த ஒன்பது பேரும்?" என்று கேட்டாள் சிவாஜினி.

"இந்தப் பருவம் முழுக்க வெளியிலைதான். உதவிக்கு வைச்சிருக்கலாம். தண்ணி குடுக்க, சாமான் தூக்க."

சில பெற்றார் தலையாட்டினார்கள். இப்படி ஒரு அழைப்பு திரும்ப வராது என்றார் ஒருவர். கூட்டங்களில் சிவாஜினி கதைப்பதில்லை. அவளுடைய பிரெஞ்சு ட்ரக் தரிப்பிடங்களில் பழகிய பிரெஞ்சு. ஆனாலும் எழும்பினாள்.

"அந்தப் பிள்ளையள் வராட்டி ட்ரக்கும் வராது."

மர்த்தீனுக்குச் சுர்ரென்று ஏறியது. "ட்ரக் உன்ரை இல்லை. அணியின்ரை. நான் வேறை ஆளைப் பிடிப்பன்."

"பிடி," என்று சொல்லி, ட்ரக்கின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு சிவாஜினி வெளியே வந்தாள்.

வீட்டில் நகுலேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டான். "முப்பத்திரண்டு பிள்ளையளின்ரை ஆசையும் ஆசைதானே?" என்றான்.

"ஓம். இல்லையெண்டு நான் சொல்லேல்லை."

"அப்ப?"

"அந்தப் பொடியன் இப்பத்தான் வாய் திறந்து கதைக்கத் தொடங்கியிருக்கிறான். அவனிட்டைப் போய்த் தண்ணிப் போத்தலைத் தூக்கு எண்டு நான் சொல்லமாட்டன். ஆரும் சொல்லுறதெண்டால் சொல்லட்டும்."

சனிக்கிழமை பயிற்சிக்குப் போவதா விடுவதா என்று காலை முழுக்க இழுபட்டாள். கடைசியில், பிள்ளைகளுக்கு முகம் காட்டாமல் விடுவது சரியில்லை என்று போனாள். குவாரி வேலியோரத்து வாகனத் தரிப்பிடத்தில் நாற்பத்தொரு பேரும் நிலத்தில் இருந்தார்கள். முன்னால் மேடையில் நின்று கைகாட்டி அணியை நடத்தும் றொக்சனும் அன்று கீழேதான் இருந்தான். மர்த்தீன் அவர்கள் முன்னால் நின்றாள். கையில் மண்டபத்துச் சுவரில் தொங்கிய படம். அதைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"எழுபத்துநாலு," என்றாள். "இதிலை என்னைத் தேடுங்கோ."

பிள்ளைகள் படத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். வெள்ளைக் காலுறையும் தொப்பியுமாக வரிசை வரிசையாகப் பொடியன்கள்.

"நீங்கள் இல்லை," என்றான் றொக்சன்.

"இல்லை. எனக்குப் பதினாலு வயது. சிம்பல் அடிச்சனான். எங்களிலை பதினொரு பெட்டையள் இருந்தம். கியூபெக்கிலை எல்லா இடமும் அடிச்சம். அமெரிக்காவிலை அந்தப் போட்டிக்குப் பொடியன்கள் மட்டும்தான் எண்டு விதி. ஒரு கிழமையிலை எங்களை எடுத்துப்போட்டு இடத்தை அடைச்சாங்கள். நானும் அக்காவும் அவங்கட சட்டையளுக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தம். பஸ்சுக்குக் கை காட்டினம். வெண்டு கொண்டு வந்தாங்கள். ஊரே குதிச்சுது. நானும்தான் குதிச்சன்." படத்தைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அக்கா அதுக்குப் பிறகு ஒருநாளும் வரேல்லை. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கவும் இல்லை. ஐம்பது வருஷமா இந்தப் படத்தை நான்தான் தூசு தட்டுறன். புதன்கிழமை அவள் எழும்பிக் கதைக்கும்வரைக்கும்" — சிவாஜினி நின்ற பக்கம் கையை நீட்டினாள் — "எனக்கு இது நினைவுக்கே வரேல்லை. நான் அமெரிக்காவுக்கு இல்லையெண்டு எழுதப்போறன். ஆனா மைதானத்திலை நடக்கிறது நீங்கள். விருப்பமில்லாத ஆள் இப்பவே சொல்லலாம்."

ட்ரம் அடிக்கும் பெண் ஒருத்தி அழத் தொடங்கினாள். அவளுக்கு இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயது கடந்துவிடும். ஸ்டேடியம் இனி அவளுக்கு இல்லை. டினோஜன் எழும்பி, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், "நீங்கள் போங்கோ. எனக்குப் பரவாயில்லை" என்றான்.

அழுதவள் மூக்கைத் துடைத்தாள். "வாயை மூடு டினோ," என்றாள். "நீ இல்லாட்டி அந்த மூலை வளையும்."

அப்படித்தான் முடிவானது. கைதட்டலும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. றொக்சன் மேடையில் ஏறி, "தொடக்கத்திலை இருந்து" என்றான். மர்த்தீன் சிவாஜினியைக் கடந்து போகும்போது திறப்பை அவள் கையில் வைத்து அழுத்தினாள். மன்னிப்பெல்லாம் இருவருமே கேட்கவில்லை.

சும்மா கிடைத்த முடிவு அல்ல அது. பத்ரீக் விலகிப் போனார். இரண்டு பேர் அணியை விட்டார்கள். அந்த இடங்களை மூட ஒரு கிழமை போனது. ஒரு தகப்பன் சிவாஜினியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தக்ஷினி அமெரிக்காவில் இருந்து அழைத்துக் கத்தினாள்.

"ஒன்பது பேருக்காண்டி முழுப்பேரையும் மறிச்சுப் போட்டியளே அம்மா! அவையள் எவ்வளவு கஷ்டப்பட்டவை!"

"நீயும் நானும் கடவுச்சீட்டு இருக்கிற ஆக்கள், பிள்ளை. எங்களுக்கு அப்பிடித்தான் தெரியும்."

தக்ஷினி குரலைத் தணித்தாள். பிறகு, "ஒன்ராறியோப் போட்டிக்கு வாறியள்தானே?" என்று கேட்டாள். "நாங்களும் வாறம்."

ஆடி மாதக் கடைசியில் ஒன்ராறியோவில், ஏரிக்கரை நகரம் ஒன்றில் அந்தப் போட்டி. அமெரிக்கப் பெரிய அணிகள் சுற்றுப்பயணத்தில் வந்து போகும் இடம். சின்ன அணிகள் மாலை வெயிலோடு முதலில் இறங்க வேண்டும். பெரிய அணிகள் விளக்குப் போட்ட பிறகு. சிவாஜினி நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பிள்ளைகளின் பஸ்சுக்கு முன்னால் ட்ரக்கை ஓட்டிக்கொண்டு போனாள். எல்லைக்குத் திரும்பும் பலகை வந்தது. அதைத் தாண்டி நேரே போனாள்.

மைதானத்து வாசலில் ஒரு சிக்கல். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பெரிய மரிம்பாவை ஏற்றித் தள்ளும் வண்டியின் முன்சில்லு, ஓட்டப்பாதையின் விளிம்பில் மாட்டிக் கழன்றுவிட்டது. உள்ளே போவதற்கு அணிக்கென்று கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிந்தினால் புள்ளி வெட்டுவார்கள். சிவாஜினி ஒரு மூலையில் குனிந்தாள். மற்ற மூலையில், அவளைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்ட அதே தகப்பன் குனிந்தார்.

"தூக்குவமா?" என்றார் அவர்.

"தூக்கும்!"

இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நாலு மூலையிலும் பிடித்துப் பிணத்தைக் காவுவது போல அதைக் காவிக்கொண்டு போய் நடுக்கோட்டுக்கு முன்னால் வைத்தார்கள். சிவாஜினிக்கு முதுகு விட்டுப்போனது. நிமிர முடியாமல் அங்கேயே, புல்லோரத்தில் முழங்காலில் இருந்தபடிதான் மிச்சத்தைப் பார்த்தாள்.

றொக்சன் கையை உயர்த்தினான்.

தொடக்கத்தில் ஒரு குழல் பிசிறியது. சின்ன ட்ரம்களில் ஒன்று அரை அடி முந்தியது. போச்சு, என்று நினைத்தாள் சிவாஜினி. பிறகு ஏதோ ஒரு இடத்தில், யாரும் சொல்லாமலே, அத்தனை பேரின் மூச்சும் ஒன்றாக இறங்கியது. அவள் இருந்த புல் அதிர்ந்தது. மூலையில் இருந்து தூபா வரிசை சுழன்று புறப்பட்டது. ஓரத்தில் டினோஜன், அந்தப் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, மேல் உடம்பு ஆடாமல், கால் மட்டும் பறக்க வந்தான். கோடு அவளை நோக்கி அகன்று வந்தது, வந்து நின்றது. அடிமட்டம் வைத்தாற்போல நின்றது.

சிவாஜினி வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்ட ட்ரக் இருந்திருந்தால் ஹோர்னை அடித்திருப்பாள்.

ஏழு சின்ன அணிகளில் நாலாவதாக வந்தார்கள். ஆனால் எழுபது புள்ளியைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. மர்த்தீன் பலகையைப் பார்த்து, "நாலு" என்றாள். திரும்பவும், "நாலாம்" என்றாள். அவள் சந்தோஷப்படுகிறாளா கோவிக்கிறாளா என்று சிவாஜினிக்குப் பிடிபடவில்லை. "மூண்டாவது ஆக்களின்ரை சிம்பல் சரியில்லை. அடுத்த வருஷம் அவங்களைப் பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போனாள்.

ட்ரக்கின் பின்கதவடியில், பயிற்சி உடுப்போடு தக்ஷினி நின்றாள். ஆள் மெலிந்து, கறுத்து, தோள் அகன்று போயிருந்தாள். அவளுடைய அணி மைதானத்துக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, முதுகு!" என்றாள் சிவாஜினி.

"வேலியடியிலை நிண்டு பார்த்தனான். அந்தத் தூபாக்காரன் ஆர் அம்மா?"

"டினோஜன். கஜந்தினியின்ரை மகன்."

"எங்கட ஆக்களும் பார்த்துக்கொண்டு நிண்டவை. அந்த மூலைக்கு எல்லாரும் 'ஆ' எண்டவை." நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "நான் போனிலை கதைச்சது பிழை அம்மா. ஆனா நான் திரும்பி வரமாட்டன். எனக்கு அங்கை இன்னும் மூண்டு வருஷம் இருக்கு."

"ஆர் உன்னைத் திரும்பி வரச் சொன்னது? நில்லு. வடிவாச் செய்." சிவாஜினி மகளின் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். "ஒருநாளைக்கு நாங்கள் உங்களை வெல்லுவம்."

தக்ஷினி வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மா, நாங்கள் நூற்றைம்பது பேர்."

சிவாஜினி சிரிக்கவில்லை. "தெரியும்," என்றாள்.

டினோஜனும் மற்றவர்களும் கழன்ற சில்லோடு மரிம்பா வண்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ட்ரக்கின் சாய்பலகையை இறக்கினாள்.